பாதிக் கிரகணம்

எங்கள் சந்தில் எதிர்வீட்டுப் பெண்ணிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள். கேட்டால் "நாலரை" என்று சொல்லி விட்டுவிட மாட்டாள். "என் வாட்ச்சுல நாலரை மாமா. காலையில ரேடியோவோட ஒத்துப் பாக்கலை. ரெண்டு நிமிஷம் முன்னப் பின்ன இருக்கும்" என்பாள். போட்டுக்கு ஓடுகிறவன் இதைக் கேட்டு முடிப்பதற்குள் போட் மட்டாஞ்சேரி படகு ஜெட்டியை விட்டுக் கிளம்பியிருக்கும். எனக்கே ஒரு தடவை அப்படிப் போயிருக்கிறது.

சிலர் இதைத் திமிர் என்றார்கள். படிப்பு ஏறிய திமிர். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பார்த்ததைச் சொல்வாள். பார்க்காததைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிப் பிழைப்பாள் என்று நான்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கவலைப்படுவது எனக்கு நன்றாக வரும்.

நான் கொச்சித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் ஏறும் மூட்டை, இறங்கும் மூட்டை எல்லாவற்றையும் நின்று எண்ணுவது வேலை. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. எங்கள் சந்தில் பத்தொன்பது வீடுகள், அதில் தமிழ் பேசுகிற வீடுகள் ஆறு. அந்த ஆறில் எனக்கு நேர் எதிரே இருந்தது அவர்கள் வீடு. அவள் அப்பா கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்கிற தொழிலாளி. அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ். ஒரே பெண். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் கணக்கில் யாரும் அவளை நெருங்க முடியாது.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "நான் அப்படியா சொன்னேன்? அந்த வார்த்தையா சொன்னேன்?" என்று கேட்டு வருவாள்.

தொண்ணூறுகளின் நடுவில் களமசேரியில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் எம்.எஸ்ஸி. முடித்து, அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். வானியல். தினமும் காலையில் ஒரு கறுப்புக் குடை, ஒரு சோற்றுப் பாத்திரம், தோளில் ஒரு துணிப்பை. போட்டில் எர்ணாகுளம், அங்கிருந்து பஸ்ஸில் களமசேரி. அப்பா காலை வேலை முடித்துத் திரும்புகிற நேரமும் அவள் கிளம்புகிற நேரமும் ஒன்று. சந்தின் முனையில் இருவரும் எதிரெதிரே வருவார்கள். தன் மேல் ஓடை நாற்றம் அடிக்கும் என்று அவர் ஓரமாக ஒதுங்கி நிற்பார். அவள் வேண்டுமென்றே அந்த ஓரத்துக்கே போய், அவர் சட்டைப் பையிலிருந்து பீடியை உருவி ஓடையில் போட்டுவிட்டுப் போவாள். "பாத்தியளா அண்ணாச்சி, டாக்டர் ஆவதுக்கு முன்னாடியே வைத்தியம் பாக்கா" என்பார் அவர். அந்த டாக்டர் வேறு இந்த டாக்டர் வேறு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சொல்லிப் பார்க்க ஆசை.

அவளுடைய குணம் சந்துக்கு முழுசாகத் தெரிந்தது பெஞ்சு விஷயத்தில்தான். முனையில் சாயாக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை இக்கா, அண்ணன், என்று கூப்பிடுவோம். அவர் கடைப் பெஞ்சில் ஓர் ஆட்டோ இடித்து, பெஞ்சின் கால் முறிந்தது. ஆட்டோக்காரன் நான் இல்லை என்றான். போலீஸ் வந்தது. அந்த நேரத்தில் அங்கே நின்றிருந்தவள் இவள் ஒருத்திதான்.

"நான் குடையை விரிச்சிட்டிருந்தேன். சத்தம் கேட்டுது. திரும்பினேன். பெஞ்சு கீழ கிடந்துது. ஆட்டோ பக்கத்துல நின்னுது" என்றாள்.

"ஆட்டோ இடிச்சதை நீ கண்டோ?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"கண்டில்லா." பார்க்கவில்லை என்று.

இக்கா தலையில் அடித்துக்கொண்டார். "எடீ மோளே, அப்போ பெஞ்சு தானே சாடி விழுந்நதாணோ?"

"அப்படி இருக்காது இக்கா. ஆட்டோதான் இடிச்சிருக்கும். ஆனா நான் பாக்கலை."

ஆட்டோக்காரன் போகிற போக்கில் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான். அன்றிலிருந்து இக்கா அவளை "கண்டில்லா" என்றே கூப்பிட ஆரம்பித்தார். "கண்டில்லா வந்நல்லோ, சாயா எடுக்கட்டே?" அவள் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போவாள். அந்தப் பெஞ்சுக்கு மூன்று கால்தான், நாலாவதாக ஒரு கருங்கல். பிறகு எப்போதும் நான் உட்கார்ந்தது அதில்தான்.

நட்சத்திரம் படிக்கிறாள் என்றதும் தமிழ் வீடுகளிலிருந்து ஜாதகங்கள் வந்தன. பேத்திக்கு எப்போது கல்யாணம், பையனுக்கு கல்ஃப் விசா வருமா. அவள் ஒவ்வொன்றையும் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பாள். "எனக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் தெரியும் அக்கா. அதையும் இன்னும் சரியா தெரிஞ்சுக்கலை."

அந்த ஒரு நட்சத்திரத்தைப் பற்றி என் வீட்டு மதில் ஓரத்தில் நின்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பெயர் கிடையாது, வெறும் எண்தான். அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்றை ஒன்று சுற்றுகின்றன. இரண்டு வருஷமும் ஏறக்குறைய ஒரு மாதமும் ஆனால் ஒன்று மற்றதற்கு முன்னால் வந்து மறைக்கும். அப்போது வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். முழுவதும் முடிய மூன்று வாரம் போல ஆகும். குறைவதையும் ஏறுவதையும் விடாமல் அளந்தால் முன்னால் வருவது எவ்வளவு பெரியது, என்ன உருவம் என்று சொல்லலாம். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கொச்சியில் ஆகாயம் பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் ஒரு மலைமேல் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. விண்ணப்பம் போட்டு, எந்தெந்த இரவு யாருக்கு என்று அவர்கள் ஒதுக்கித் தருவார்கள். மேகம் வந்தால் போயிற்று. உன் இரவு போனது போனதுதான், அடுத்த இரவு அடுத்தவருக்கு.

முதல் கிரகணம் நவம்பரில் வந்தது. கிழக்கே அடைமழைக் காலம். பை நிறையக் கம்பளியோடு போனவள் முகம் வாடித் திரும்பி வந்தாள். ஜெட்டியில் அப்பா நின்றிருந்தார். "என்னம்மா?" என்றார். "மேகம்ப்பா" என்றாள். அதற்குமேல் யாரையும் எதையும் திட்டவில்லை. நானாக இருந்தால் அந்த மலையை அங்கே வைத்தவனிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

இரண்டு வருஷம் காத்திருந்தாள். அடுத்தது டிசம்பர் நடுவில். இந்தத் தடவை எங்கள் சந்தே டிவி முன்னால் உட்கார்ந்தது. செய்தி முடிந்ததும் வருகிற வானிலைப் படத்தில் நாங்கள் கேரளத்தைப் பார்க்கவில்லை, வங்காள விரிகுடாவைப் பார்த்தோம். இக்காவுக்குக்கூட மெட்ராஸ் பக்கத்துக் காற்றழுத்தம் எல்லாம் பாடமாகிவிட்டது. "கண்டில்லாவின்டெ மலையில மேகமுண்டோ?" என்று கேட்டபடிதான் சாயாவை ஆற்றுவார். அங்கே புயல் சின்னம் வெள்ளையாகச் சுழன்றுகொண்டிருந்தது. நாங்கள் பதினான்கு பேர் ஒரு டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பதினான்கு பேராலும் அதை ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை.

அவள் இரண்டாம் முறையும் வெறுங்கையோடு வந்த அந்த வாரம் நான் பொறுக்க முடியாமல் மழைக்கணக்கைப் பற்றிச் சொன்னேன். துறைமுகத்தில் அப்படி ஒன்று உண்டு. மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மழை அடித்தால், தார்ப்பாயை இழுத்து மூடுகிற அவசரத்தில் பத்திருபது மூட்டைகள் எண்ணாமலே போய்விடும். மழை விட்டதும் கப்பல் தரப்புக் கிளார்க்கும் கரைத் தரப்புக் கிளார்க்கும் சேர்ந்து ஒரு சாயா குடித்து, இவ்வளவு இருக்கும் என்று ஓர் எண்ணை ஒத்துக்கொள்வோம். இருவரும் கையெழுத்துப் போட்டால் அதுவும் எண்ணிய மூட்டைதான். எத்தனையோ கப்பல் அப்படிப் போயிருக்கிறது, ஒன்றும் முழுகவில்லை.

"அதுபோல நீயும் இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வச்சு நடுவுல ஒரு கோடு இழுத்துடேன் பாப்பா" என்றேன்.

அவள் கேலி செய்யவில்லை. நன்றாக யோசித்தாள். "நீங்க ரெண்டு பேர் இருந்தீங்க மாமா. ஒத்துக்கிட்டீங்க. இங்க நான் ஒருத்திதானே இருக்கேன்? அந்தப் பக்கம் யார் கையெழுத்துப் போடுவா?"



உதவித்தொகை நின்றது. மாலையில் தோப்பும்படியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "படிப்பு எப்போ முடியும்?" என்று கேட்டார்கள். அவள் காப்பித் தட்டோடு நின்று, "ஜனவரியில கிரகணம். மேகம் இல்லாம இருந்தா முடியும். இருந்தா தெரியாது" என்றாள். வந்தவர்கள் பலகாரத்தை முடித்துக்கொண்டு எழுந்தார்கள். அவள் அம்மா என்னிடம் வந்து, "அண்ணே, அடுத்த மாசம் முடிஞ்சிரும்னு ஒரு வார்த்த சொன்னா இவ நாக்கு அழுகியா போவும்?" என்று கேட்டாள். அப்பா மட்டும், "அவ என்ன பொய்யா சொன்னா? மேகத்துக்கு யாரு ஜவாப்பு?" என்று வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

மூன்றாவது கிரகணத்துக்கு அவள் கிளம்பிய அன்று அவருக்கு உடம்பு வலி. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, தொட்டதை நம்பாமல் தெர்மாமீட்டர் வைத்தாள். தொண்ணூற்றொன்பது. ஜுரம் என்று சொல்ல முடியாத ஜுரம்.

"வெயில்ல நின்னேம்மா. நீ போயி ஒன் வெளக்கப் பாரு" என்றார்.

போட் நகரும்வரை ஜெட்டியில் நின்று கையை ஆட்டினார். நானும் நின்றேன். ஆகாயம் அப்படித் தெளிவாக இருந்ததை நான் கண்டதில்லை. டிவியில் வங்காள விரிகுடா முழுவதும் சுத்தமாகத் துடைத்த தரைபோல் இருந்தது.

எலிக்காய்ச்சல். ஓடையில் இறங்குகிறவர்களைப் பிடிக்கிற காய்ச்சல். கண் சிவந்தது, பிறகு மஞ்சளானது. எர்ணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நினைவு இருந்தவரை அவர் சொன்னது ஒன்றுதான்: "அண்ணாச்சி, புள்ளைக்குச் சொல்லிராதிய. வெளிச்சம் எறங்கிட்டிருக்குன்னு நேத்துதான் போன்ல சொன்னா." சிறுநீர் நின்றதும் ஐசியூவுக்குள் கொண்டுபோனார்கள். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் எஸ்டிடி பூத்துக்குப் போனேன்.

மலையில் காவலாளி எடுத்தார். "அம்மா தூங்குறாங்க. ராத்திரி பூரா முழிச்சிருந்தாங்க" என்றார். எழுப்பச் சொன்னேன். அவள் வந்து, என் குரலைக் கேட்டதுமே, "அப்பாவா மாமா?" என்றாள்.

அன்று அந்த நட்சத்திரம் கிரகணத்தின் அடிமட்டத்தைத் தொட்டிருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றுவரை ஓர் இரவுகூட மேகம் வரவில்லை. இறங்கியதை முழுவதும் அளந்திருந்தாள். இனி ஏறுவது மட்டும் பாக்கி. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மலையிறங்கி, கிடைத்த ரயிலில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

ஐசியூ வாசலில் பதினொரு நாற்காலிகள். ஒன்றுக்கு முதுகு இல்லை. யாரையும் உள்ளே விட மாட்டார்கள். கதவில் உள்ளங்கை அளவுக்குக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைத் திரை. அவள் அம்மா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு செய்ய எதுவும் இல்லை. விடிகாலையில் வெளியே வந்து சொன்னார்கள்.

அவள் ரயிலிலிருந்து நேராக வந்தபோது பகல் டியூட்டி நர்ஸ் இருந்தாள். சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கலாம். இவள் தோளைத் தொட்டு, "அச்சன் அவசானம் வரை மோளைச் சோதிச்சு" என்றாள். கடைசிவரை உன்னைக் கேட்டார் என்று. அம்மா ஓவென்று அழுதாள். அந்த வார்த்தை கிடைத்த பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

அங்கே இருந்த இரண்டு நாளில் அதே வாக்கியத்தை, அதே தலைச்சாய்ப்போடு, அந்தச் சின்னப் பெண் வேறு இரண்டு குடும்பங்களிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். எங்களுடையது மூன்றாவது. எனக்கு அதில் குறை காணத் தோன்றவில்லை. அதுவும் ஒரு மழைக்கணக்குதான்.

எதிர்வீட்டுப் பெண் அழவில்லை. நர்ஸைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "சிஸ்டர் நேரில் கேட்டோ?"

"அது... நைட் சிஸ்டர்..."

"நைட் சிஸ்டர் பறஞ்ஞோ, சிஸ்டர்கிட்ட?"

வேண்டாம் பாப்பா, விடு, என்று எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் நர்ஸின் கண் நிறைந்துவிட்டது. "இல்ல சேச்சி. எல்லாரும் அவசானம் மக்களைச் சோதிக்கும். அதுகொண்டு பறஞ்ஞதா." கடைசியில் எல்லாரும் பிள்ளைகளைத்தான் கேட்பார்கள், அதனால் சொன்னேன் என்று.

அம்மாவின் அழுகை பாதியில் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த முதுகில்லாத நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அவள் மகளிடம் பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், பேச்சு மட்டும் கிடையாது. மகள் பக்கத்தில் நிற்கும்போதே சந்துக்கு இந்தப் பக்கம் பார்த்து, "அண்ணே, மழ வரும்போல இருக்கு, கொடைய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்பாள். மகளும் என்னைப் பார்த்தே, "எடுத்துட்டேன்னு சொல்லுங்க மாமா" என்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு தபால்பெட்டிபோல் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நாள், "ஏண்டி கேட்டே? நீ கேக்காம இருந்திருந்தா எனக்கு அது இருந்திருக்குமே" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னது என் வீடுவரை கேட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது நட்சத்திரம் பழைய வெளிச்சத்துக்கு வந்துவிட்டிருந்தது.

களமசேரியில் அவளுடைய வழிகாட்டி நல்ல மனிதர். ஓய்வு பெறப் போகிறவர். கையில் இருக்கும் பாதியை அப்படியே மடித்து மறுபக்கமும் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார். கிரகணம் இறங்கியதுபோலத்தான் ஏறும், பல பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள், கீழே ஒரு குறிப்புப் போட்டால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள் என்று. பாதியை வைத்து ஆய்வேடு கொடுக்க முடியாது, பதிவுக் காலமும் முடியப் போகிறது.

"செய்யேன். குறிப்புப் போட்டுத்தானே செய்யச் சொல்றார்?" என்று நான் கெஞ்சினேன்.

"நான் ஏறுறதைப் பாக்கலை மாமா."

"கண்டில்லா!" என்று கத்தினேன். அந்தப் பட்டப்பெயரை நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவள் சிரித்தாள். இக்கா சொன்னால் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

பதிவு முடிந்தது. அப்பா வேலையிலிருக்கும்போதே இறந்ததால் அவளுக்குக் கார்ப்பரேஷனில் ஒரு கிளார்க் வேலை வந்தது. கறுப்புக் குடை, சோற்றுப் பாத்திரம் எல்லாம் அதே. போட்டுக்குப் பதில் பஸ். அடுத்த கிரகணம் பிப்ரவரியில் வந்தபோது, மழை மாதங்கள் எல்லாம் தாண்டியிருந்தன. ஆனால் அவளுக்கு எந்த மலையிலும் இரவு ஒதுக்க யாருமில்லை. கிரகணம் தொடங்கிய அன்று மாலை அவள் ஆபீஸிலிருந்து வந்து, சந்தின் முனையில் நின்று கிழக்கே ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள். வேறு என்ன செய்ய முடியும்?

அதற்கு அடுத்த வருஷம் இன்டர்நெட் கஃபேயிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். வேறு ஏதோ தேசத்துக்காரர்கள் அந்தப் பிப்ரவரிக் கிரகணத்தை முழுவதும் அளந்து வெளியிட்டிருந்தார்கள். படம் போட்டிருந்தது. வரிசையாகப் புள்ளிகள் இறங்கி, பிறகு ஏறின. தன்னுடைய படத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இறங்குகிற பக்கத்தில் புள்ளிமேல் புள்ளி உட்கார்ந்தது.

"அந்தப் பக்கம் பாருங்க மாமா. இறங்கின மாதிரி ஏறலை. ரொம்ப மெதுவா ஏறுது. முன்னால வர்றது உருண்டையா இல்லை, கோணலா ஏதோ இருக்கு. நான் மடிச்சுப் போட்டிருந்தா தப்பாயிருக்கும்!"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் காகிதத்தைத் தள்ளிவிட்டேன். "தப்பா இருந்தா என்ன இப்போ? பேருக்கு முன்னால டாக்டர் இருந்திருக்கும். இதைக் கண்டுபிடிச்சவன் உனக்கு என்ன கொடுத்தான்?"

"அவங்களுக்கு என்னைத் தெரியாதே மாமா. தெரியாமலே என் புள்ளியோட ஒத்துப் போயிருக்கே" என்றாள். அந்தப் பதில் எனக்குப் புரியவே இல்லை.

அவள் வேறொன்றையும் விடாமல் தேடிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்பா இறந்த இரவில் ஐசியூவில் இருந்த நைட் நர்ஸ் யார் என்று ஆஸ்பத்திரிக்குப் பலமுறை போய் விசாரித்திருக்கிறாள். வைப்பின் தீவுக்காரி, குவைத்துக்குப் போய்விட்டாள். அவள் லீவில் வருவதும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். காத்திருப்பது இவளுக்குப் பழக்கமானதுதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதில் ஓரம் வந்தாள். அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லுங்க மாமா. அந்த நைட் சிஸ்டர் ஊருக்கு வந்திருக்காங்க. நான் போறேன். அம்மாவும் வரணும்னா வரட்டும்."

முறம் நின்றது. "வர்றேன்னு சொல்லுங்க அண்ணே."

மூன்று பேரும் ஃபோர்ட் கொச்சியில் ஃபெரி ஏறி வைப்பினுக்குப் போனோம். எனக்கு முழங்கால் வலி, இருந்தாலும் போனேன். வீட்டு முற்றத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. நர்ஸுக்கு நாற்பது வயதிருக்கும். எங்களை உட்கார வைத்து, சாயா கொடுத்து, யார், எந்த வருஷம் என்று கேட்டாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ முகங்களைப் பார்த்தவள். இவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாய் திறக்கப் போன நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் முந்திக்கொண்டாள்.

"சேச்சி, ஞாபகம் இல்லெங்கில் இல்லான்னு சொன்னா போதும். எங்களுக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாவி, அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு வார்த்தை. அதையும் தட்டிவிடுகிறாளே.

நர்ஸ் அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "ஓர்ம இல்லா மோளே" என்றாள். "எத்தனை வருஷமாச்சு. எத்தனை பேர்." அம்மா தலை குனிந்தபடி இருந்தாள். பிறகு நர்ஸ் தானாகவே, யோசித்து யோசித்து, குவைத்தில் பழகிய அரைகுறைத் தமிழில் சொன்னாள்: "அந்த ஜனவரியில ஒரு ராத்திரி, எலிக்காய்ச்சல்காரர் ஒருத்தர். ஆறு பெட்டும் ஃபுல். மூக்குல மாஸ்க். ராத்திரி முழுக்கப் பேசிட்டே இருந்தார். தமிழ்ல. வேகமா, ஏதோ பழைய தமிழ். எனக்கு ஒண்ணும் மனசிலாயில்லா. பேசட்டும்னு பக்கத்துல நின்னேன். அது உங்க ஆளான்னு எனக்குத் தெரியாது."

அம்மா நிமிர்ந்தாள்.

திரும்பி வரும்போது ஃபெரியில் கூட்டம். பெண்கள் பெஞ்சில் அம்மாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. மகள் கம்பியைப் பிடித்து நின்றாள். சீன வலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போயின. பாதித் தூரத்தில் அம்மா பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

"தமிழ்ல பேசினாராம்."

எனக்குப் பயமாக இருந்தது. இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆறு படுக்கை, வேறு யாராகவும் இருக்கலாம். சொல்லாதே பாப்பா, இந்த ஒரு தடவை.

"ஒருத்தர் பேசினாராம்மா" என்றாள் அவள்.

அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைப்பினும் ஃபோர்ட் கொச்சியும் சம தூரத்தில் இருந்தன.

"ஆமா" என்றாள். "ஒருத்தர்."

பிறகு பக்கத்திலிருந்த மீன்காரியை முழங்கையால் லேசாக நகர்த்தி, தானும் ஒடுங்கி உட்கார்ந்து, பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் உண்டாக்கினாள். "ஏன் நிக்கே? உக்காரு" என்றாள்.